பெறுகுவிர்: பழந்தமிழ்ப் பட்டினங்களில் வழிச்செல்வோர் உணவு

மலையில் வாழும் நமக்குக் கடற்கரைப் பட்டினம் இரண்டு நாள் விடுமுறைக்கு இறங்கிச் சென்று மீளும் இடம். கவியரங்குக்கோ கருத்தரங்குக்கோ புதுவை, நாகை, கோழிக்கோடு எனப் புறப்படும் அன்பர்கள், முன்னர்ச் சென்று வந்தவரிடம் தவறாமல் கேட்பது 'அங்கே எங்கே சாப்பிடுவது?' என்பதுதான். இக்கேள்விக்கு விடை கூறுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. வள்ளலின் புகழே அதன் பொருள் என்று வகுப்பறையில் கூறிவிட்டு நகர்ந்து விடுகிறோம். வள்ளலின் வாயிலை அடையுமுன் எந்த ஊரில், எவர் வீட்டில், எந்த உணவு கிடைக்கும் என்று அது நிரல்படச் சொல்வதை நின்று நோக்குவார் சிலரே.

ஓய்மான் நல்லியக்கோடன்மீது இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. அதில் உணவைப் பற்றிய முதற்காட்சி விருந்தன்று, பசி. வழி கூறும் பாணன் தன் பழைய வறுமையை முதலில் சொல்கிறான். ஈன்ற நாய் குரைக்கும் இடிந்த அடுக்களை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள் கிணைமகள். இந்த அடைத்த கதவை நினைவில் வைத்துக்கொண்டே அடுத்து வரும் கடற்கரை வழியைப் படித்தல் வேண்டும்.

அவ்வழியில் முதல் ஊர் எயிற்பட்டினம். இன்றைய மரக்காணமே அது என்பர் அறிஞர் பலர். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கூறும் சோபட்மாவும் அதுவே என்பது அவர் கருத்து. உறங்கும் ஒட்டகம் போலக் கரையில் கிடக்கும் மணமரக் கட்டைகள் அலை கொணர்ந்து போட்டவை. அவற்றை விறகாக எரிக்கின்றனர். நுளைமகள் வடித்த பழைய தேறலைப் பரதவர் ஊட்டுவர். உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவர். அதுவும் ஒரு வீட்டில் அன்று, செல்லுமிடந்தோறும் கிடைக்கும் என்கிறார் புலவர். உப்பில்லாக் கீரையை ஒளித்து உண்டவனுக்கு முதற்சோறு உப்பு விளையும் நிலத்தில், கதவு திறந்த வீடுகளில் என்று அமைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மரக்காணத்தில் உப்பளங்கள் இன்றும் உள்ளன.

பின்னர் வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். இறுதியில் கிடங்கிலில், வீமனின் மடைநூல் வழுவாது சமைத்த அடிசிலை நல்லியக்கோடன் பொற்கலத்தில் இட்டுத் தானே நின்று ஊட்டுகிறான். பொற்கலம் வரைக்கும் பசியோடு நடக்க வேண்டிய தேவை பாணனுக்கு இல்லை. வழியெல்லாம் எளியவர்களே அவனைத் தாங்கி விடுகின்றனர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையும் இவ்வாறே ஒரு கடற்றுறையைக் காட்டுகிறது. மாமல்லபுரத்தோடு சிலர் இணைத்துக் கூறும் நீர்ப்பெயற்று அது. இரவில் கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கம் உள்ள ஊர். அங்கே நெல்மாவை ஊட்டிக் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த ஊனும் கள்ளும் கிடைக்கும். இரு நூல்களிலும் உணவைச் சொல்லி முடிக்கும் வினை ஒன்றே: 'பெறுகுவிர்'. விலை பற்றிய பேச்சே இல்லை.

இதே உருத்திரங்கண்ணனார் புகார் நகரைப் பட்டினப்பாலையில் பாடும்போது அச்சொல் கைவிடப்படுகிறது. பட்டினப்பாலை ஆற்றுப்படை அன்று என்பது மட்டும் காரணமாகாது, ஊரும் வேறு. மீனை வெட்டியும் ஊனைப் பொரித்தும் ஆரவாரிக்கும் முன்றிலில் கள் விற்பதற்கு அடையாளமாகக் கொடி பறக்கிறது. இன்றைய உணவகப் பெயர்ப்பலகைக்கு அதுவே மூதாதை. அங்குள்ள சொல் 'நொடை', அதாவது விலை. (வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களின் கொடியையும் அதே வரிசையில் வைத்திருக்கிறார் புலவர். நம் வட்டத்தார் இதைக் கண்டு மகிழலாம், நாணவும் செய்யலாம்.) சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் மருவூர்ப்பாக்கத்தில் தனித் தொழிலினராகவே நிலைத்துவிட்டனர்.

ஆற்றுப்படையின் விருந்தோம்பலை எல்லார்க்கும் உரியதாகக் கொள்வது பொருந்தாது. அது பாணர்க்கும் கூத்தர்க்கும் உரிய மரபு. உப்பு வணிகரான உமணர் தாமே வழியில் அடுப்பு மூட்டினர். அவர் விட்டுச் சென்ற கல்லடுப்பில் மழவர் ஊன் புழுக்கும் காட்சி அகநானூற்றில் உண்டு. கலைஞனுக்குச் சோறு கடன்; வணிகனுக்கு அவன் பாடு.

இந்த வேறுபாட்டை விளக்க நம் நீலமலையே போதும். தோடரின் நெய்யும் படுகரின் தானியமும் குறும்பரின் தேனும் பணமின்றிக் கைமாறிய காலத்தில், கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து தந்ததோடு, அண்டையார் வீட்டு இழவுக்கு இசைத்துத் தானியமும் பெற்றனர். இசைத்தவனுக்கு உணவு கடன் என்னும் பாணர் முறைமை இதில் தெரிகிறது. 1819இல் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்ததன் பின் உதகை நகராயிற்று. சந்தையும் பணமும் பெருக, அம்முறை படிப்படியாகத் தளர்ந்தது.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்திராவிடில் எயிற்பட்டினத்துச் சுட்ட மீனும் நீர்ப்பெயற்று விளக்கும் நமக்கு எட்டியிரா. ஆயினும் பட்டினம் என்றாலே விலைதான் என்று முடிவு கட்ட அந்நூலே இடம் தரவில்லை. புகாரின் அட்டிற்சாலையில் வடித்த கஞ்சி ஆறாய்ப் பரந்தோடி, காளைகள் பொருது சேறாகி, தேர் ஓடித் துகளாகி, ஓவியம் தீட்டிய மாடங்களின் சுவரில் படிகிறது. விற்பனைக் கொடி பறந்த அதே நகரில் விலையின்றிச் சோறிட்ட இடமும் இருந்தது. பின்னர் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி வந்தபோது அதில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவன், கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கி மீண்ட கடல் வணிகன்.