தோட்டத்து லயமும் அமெரிக்க அரசாங்கமும்: பேராதனையில் பொது நிருவாகக் கல்வி பற்றி ஒரு வாதம்

இலங்கையில் அரசறிவியல் பயிலும் மாணவர் உயர்தர வகுப்பிலேயே அமெரிக்க அரசியலமைப்பைச் சந்தித்துவிடுகிறார். ஜனாதிபதி, காங்கிரஸ், உயர் நீதிமன்றம், வலுவேறாக்கம், தடைகளும் சமன்பாடுகளும் என்று அது ஒரு வரைபடமாக மனத்தில் பதிகிறது. பல்கலைக்கழகத்தில் அந்த வரைபடம் விரிவடைகிறது. பார்வை பெரும்பாலும் வாஷிங்டனை விட்டு நகர்வதில்லை. பொது நிருவாகம் வேறொரு பாடநெறியாக, வேபரின் பணிக்குழுக் கோட்பாட்டில் தொடங்கித் தன்வழியே போகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக, அதுவும் கண்டி மாவட்டத் தோட்டப்புறத்தை எதிரே வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் வாதம். மைய அரசு எவ்வளவு அதிகாரத்தைக் கீழே பகிர்கிறது என்ற கேள்வியோடு நம் பாடம் நின்றுவிடுகிறது. கடைசிப் படியிலுள்ள சபை அங்கு வாழும் ஒவ்வொருவரையும் எட்டுகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்க வரலாற்றில் ஏராளமான சான்றுகள் கிடக்கின்றன. அவற்றை நாம் பயன்படுத்துவதில்லை.

ஜனாதிபதி முறை முதலிடம் பெற்றதற்குக் காரணம் உண்டு. ஜே. ஆர். ஜெயவர்தன 1966 டிசம்பரில் நிறைவேற்று ஜனாதிபதி முறையை முன்மொழிந்தார். 1978 இல் அதை அரசியலமைப்பாக்கினார். பேராதனையில் அரசறிவியல் பேராசிரியராக இருந்த ஏ. ஜெயரட்ணம் வில்சன் அந்த அரசியலமைப்பைப் பற்றி 1980 இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அதைத் த கோலின் பிரான்ஸோடு சேர்த்து அடையாளங்காட்டினார். அமெரிக்க ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது என்ற ஒற்றை வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதை 2018 நவம்பரில் நாடே உணர்ந்தது. நாடாளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஆகவே உச்சியைப் படிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் படிப்பதுதான் குறை.

பொது நிருவாகம் தனித் துறையாகக் கிளைத்த கதையும் அமெரிக்க அரசியலோடு பின்னியதுதான். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டை 1881 இல் சுட்டான். 1883 இல் பெண்டில்டன் சட்டம் வந்து தகுதி அடிப்படையிலான ஆட்சேர்ப்பைத் தொடக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து உட்ரோ வில்சன் நிருவாகத்தை அரசியலிலிருந்து பிரித்துப் படிக்க வேண்டும் என்று எழுதினார். நாமோ எதிர்த்திசையில் நடந்தோம்: 1972 அரசியலமைப்பு சுயாதீனமான பொதுச்சேவை ஆணைக்குழுவை நீக்கி, அரச சேவையை அமைச்சரவையின் கையில் கொடுத்தது. இரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரே விரிவுரையில் இரண்டு பாடநெறிகளும் உயிர்பெறும்.

உண்மையான சோதனைக்களம் ஹந்தானை மலைச்சரிவிலும் அதற்கப்பால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்திலும் இருக்கிறது. நெடுங்காலமாக லய அறைக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து கட்டாகக் கிடக்கும். யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வு நாள் கடந்தபின் கைக்கு வந்த கடிதம் தோட்டக் குடும்பங்களுக்குப் புதுச் செய்தியல்ல. வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும், பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். பாதை, தண்ணீர், கூரை என்றாலோ தோட்டத்துரையின் மனம் இரங்க வேண்டும். ஒரே மனிதர் அரசின் பிரஜையாகவும் நிர்வாகத்தின் குடியாளாகவும் இரண்டு வாசல்களில் நிற்கிறார்.

இந்த நிலைக்குச் சட்டமே துணைநின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள். அந்த உறுப்பினரால் தன் லயத்துக்கு ஒரு குழாய் போட முடியவில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், 1992 இல் கம்பனிகளிடம் போனது நிர்வாகம்தான் என்பதை நினைத்தால் இந்தத் தடை இன்னும் கசக்கிறது. 2018 இல்தான் திருத்தச் சட்டம் வந்தது.

இங்கேதான் அமெரிக்கா உதவுகிறது. அலபாமா மாநிலத்தில் சிக்கசோ என்ற ஊர் முழுவதும் ஒரு கப்பல்கட்டும் கம்பனிக்குச் சொந்தமாயிருந்தது. அதன் நடைபாதையில் மதப் பிரசுரம் விநியோகித்த பெண் அத்துமீறியதாகத் தண்டிக்கப்பட்டார். மார்ஷ் எதிர் அலபாமா வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1946 இல் அத்தண்டனையை நீக்கியது: ஊர் கம்பனியுடையது என்பதற்காக அங்கே வாழ்பவரின் அரசியலமைப்பு உரிமை மறைந்துபோகாது. புசல்லாவையிலிருந்து வந்த மாணவி ஒருவருக்கு இவ்வழக்கைத் தனியாக விளக்க வேண்டியிராது. தன் வீட்டு வாசலிலேயே அவர் அதைப் படித்திருக்கிறார். அயோவா நீதிபதி டில்லன் 1868 இல் வகுத்த விதியும் அப்படித்தான்: உள்ளூராட்சிக்கு மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு, ஐயம் வந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும். 33 ஆம் பிரிவு நடைமுறையில் இருந்த விதத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சமஷ்டி பற்றிய பாடமும் கண்டியில் வேறு முகம் காட்டுகிறது. தமிழரசுக் கட்சி 1949 இல் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, டொனமூர் ஆணைக்குழுவின்முன் சமஷ்டி கோரியது கண்டியத் தேசிய சபை. கண்டிய மாகாணங்கள் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்ற அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமை விரிவடையும் என்ற அச்சமும் அச்சபையின் அரசியலில் கலந்திருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் மாநில உரிமையின் பெயரால் முதலில் அடிமைமுறையையும் பின்னர் இன ஒதுக்கலையும் காத்த வரலாற்றை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868 இல் வந்த 14 ஆவது திருத்தம் அந்நாட்டு மண்ணில் பிறந்தவரைப் பிரஜை என்றது. அது வந்தும் கறுப்பின மக்களின் வாக்குரிமை 1965 வரை காத்திருந்தது. இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்பிடத்தை விட்டு வம்சாவளியைப் பிடித்துக்கொண்டது. எஞ்சிய நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003 இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதிகாரப் பகிர்வை ஆதரிப்பவன் நான். அலகுக்குள் வாழும் சிறுபான்மையினரின் பிரஜாவுரிமை உறுதியாகாத பகிர்வு அரைவேலை என்பதை வட கிழக்கை மட்டும் பார்ப்பவர் எளிதில் காணமாட்டார். கண்டியிலிருந்து பார்த்தால் தெரியும்.

தேர்தல் நாள் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கா 1864 இல் உள்நாட்டுப் போரின் நடுவிலும் ஜனாதிபதித் தேர்தலை நடத்தியது. இங்கே பிரதேச சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த வாக்கெடுப்பு 2025 மே 6 வரை இழுபட்டது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த மத்திய மாகாண சபைக்கோ ஆண்டுக்கணக்காகத் தேர்தல் வைக்கப்படவில்லை. தோட்டங்களில் செலவிட வழி திறந்து சில ஆண்டுகளுக்குள், அச்செலவைக் கேட்டு வாங்க வேண்டிய உறுப்பினர்களே சபையில் இல்லாமற்போனார்கள்.

பஞ்சாயத்துகளுக்கு 73 ஆவது திருத்தத்தால் அரசியலமைப்புப் பாதுகாப்பளித்த இந்தியா அருகிலிருக்க அமெரிக்கா எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவும் வேண்டும். ஆனால் 90,000 ஐத் தாண்டிய உள்ளூர் அரசாங்கங்களும், அவற்றின் எல்லை, வரி, உரிமை பற்றி ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்த தீர்ப்புகளும் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பாடப்பொருள். என் யோசனை சிறியது: இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, கண்டி மாவட்டத்தில் தோட்டங்களை உள்ளடக்கிய ஒரு பிரதேச சபையின் 2018 க்குப் பிந்திய வரவுசெலவுத் திட்டங்களை எடுத்து, தோட்டப் பாதைக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கிய தொகையையும் செலவான தொகையையும் மாணவர் வேறுபடுத்திக் காட்டட்டும். கூடவே ஓர் அமெரிக்கக் கம்பனி ஊரின் வரலாற்றை ஒப்பிட்டு எழுதட்டும். தமிழில் படிக்கும் மாணவருக்கு டில்லன் விதியும் மார்ஷ் வழக்கும் தமிழில் கிடைக்க வேண்டும். மொழிபெயர்ப்பை விரிவுரையாளர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.