ஏடும் கணினியும்: இரண்டு பிரதிகளை ஒப்பிட்ட கதை

அண்மையில் இங்கே ஜார்ஜ்டவுனில் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, புலனத்துல வந்த செய்யுள் குறிப்பும் நீங்க கொடுத்ததும் வேற வேறயா இருக்கே, எதைப் படிக்கிறது?" நியாயமான கேள்விதான். தேர்வில் ஓரெழுத்து பிசகினாலும் பொருள் மாறிவிடும். ஆனால் இது புதுச் சிக்கல் இல்லைங்க.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிவிட்டார். ஐயர் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். சேரச்சேர வேறுபாடுகளும் பெருகின. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். படியெடுத்தவர் தவறியதும் உண்டு, 'திருத்தியதும்' உண்டு. (பின்னது இன்னும் ஆபத்து!) ஒருவர் ஒரு பிரதியை வாசிக்க, மற்றவர் வேறு பிரதியில் பார்த்துவர, வேறுபட்ட இடங்களைக் குறித்து வைப்பது அக்காலப் பதிப்பு முறை. அந்தக் குறிப்புகளே பாடபேதங்கள். நூல் 1887இல்தான் அச்சாகி வெளிவந்தது.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 'டிஃப்' என்ற நிரலை எழுதினார். 1974இல் வந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் அது இடம்பெற்றது. ஜேம்ஸ் ஹன்ட்டோடு சேர்ந்து அதன் வழிமுறையை விளக்கிய அறிக்கை 1976இல் வெளியானது. இரண்டு கோப்புகளிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளை முடிந்தவரை அதிகமாகக் கண்டுபிடிப்பது, மிஞ்சுவதே வேறுபாடு. யோசனை அவ்வளவுதான்.

இன்று லினக்ஸ் கணினியின் கட்டளை வரியில் டிஃப் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, குறுங்கோடும் ஒய் எழுத்தும் சேர்த்து, இரண்டு கோப்புப் பெயர்களைக் கொடுத்தால் போதும். பிரதிகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். நடுவே '|' இருந்தால் வரி மாறியிருக்கிறது. '<' என்றால் இடப்பக்கம் மட்டும், '>' என்றால் வலப்பக்கம் மட்டும் உள்ள வரி. ஒப்பீடு வரிவரியாக நடப்பதால், செய்யுளை அடிக்கு ஒரு வரியாகத் தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

நானும் அப்படித்தான் செய்து பார்த்தேன். பாதி வரிகளில் '|'! கண்ணுக்கோ ஒரு வேறுபாடும் தெரியவில்லை. காரணம், 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக்குறியை ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுதான், டிஃபுக்கு வேறு வேறு. ஏட்டில் ஒரே வடிவத்துக்குள் இரண்டு எழுத்து ஒளிந்திருந்தது. இங்கே ஒரே எழுத்துக்குள் இரண்டு குறியீடு!

'யூகான்வ்' என்ற சிறு கருவியால் இரண்டு கோப்பையும் ஒரே முறைக்கு மாற்றி மறுபடி ஒப்பிட்டேன். மூன்று வரிகள்தான் மிஞ்சின. எது சரியென்று கணினி சொல்லாது. அச்சுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பிழை புலனத்துக் குறிப்பில். மூன்றாவது என்னுடையது. அந்த மாணவியிடம் மறுநாளே சொல்லிவிட்டேன்.