செவிலி மீன்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு நீரூட்டும் ஏரிகளில் கெண்டை, கெளுத்தி, விரால் முதலிய நாட்டு மீன்கள் மழைக்குப்பின் தாமே முட்டையிட்டுப் பெருகுகின்றன. அவற்றுள் விரால், செந்நிறக் குஞ்சுகள் மொய்த்து நீந்தும் இடத்தைவிட்டு அகலாது காவலிருக்கும். மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும் என்று சைவ நூல்கள், குரு பார்வையால் அருளும் நயன தீட்சைக்கு உவமை கூறுவதற்கு இக்காட்சியே தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் இன்று ஏரிகளில் விட்டு வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளுக்கு உரியவை. ஓடாத நீரில் இவை சினைப்பட்டாலும் முட்டையிடுவதில்லை. ஆகவே 1950களின் நடுப்பகுதிவரை, வெள்ளக் காலத்தில் ஆறுகளில் வலைகட்டி வடித்த குஞ்சுகளையே வளர்ப்போர் நம்பியிருந்தனர். அவற்றில் வேண்டாத இனங்களும் கலந்தே வந்தன.

இத்தடையை 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் நீக்கினர். மூளையின் அடியில் அமைந்து இனப்பெருக்கத்தைத் தூண்டும் பிட்யூட்டரி என்னும் சுரப்பியை முதிர்ந்த மீனின் தலையிலிருந்து எடுத்து, அரைத்து வடித்த சாற்றைச் சினைமீனுக்கு ஊசிவழி செலுத்த, அது குளத்திலேயே முட்டையிட்டது. சாதாக் கெண்டையின் சுரப்பி ரோகுவுக்கும் பயன்பட்டதால், ஓரினத்தின் மகப்பேற்றுக்கு மற்றோரினத்தின் உடல் துணைநிற்பது மீன்பண்ணைகளின் வழக்கமாயிற்று.

எனினும் இரவல் பெற்றது சுரப்பி மட்டுமே. முட்டை தாயின் சொந்த முட்டையே. வயிற்றையே இரவல் பெறும் முறையை டோக்கியோ கடல்சார் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கோரோ யோஷிசாகி குழுவினர் 2004இல் வெளியிட்டனர். விந்தாகவோ முட்டையாகவோ பின்னர் மாறவல்ல முதற்பாலணுக்களை வானவில் டிரவுட் மீனிடமிருந்து எடுத்து, புதிதாகப் பொரித்த, மாசு என்னும் சால்மன் இனக் குஞ்சின் வயிற்றறைக்குள் செலுத்த, அவை தாமே நகர்ந்து, பாலுறுப்பு உருவாகும் இடத்தில் குடியேறின. வளர்ந்த சால்மனின் விந்தில் டிரவுட்டின் விந்தும் இருந்தது. ஆயினும் சால்மனின் சொந்த விந்தே மிகுந்திருந்தது. 2007இல் இக்குறையும் தீர்ந்தது. மூன்று தொகுதிக் குரோமோசோம்களுடன் மலடாக வளர்க்கப்பட்ட சால்மன்களுக்குள் ஆண் டிரவுட்டின் விரையிலிருந்து எடுத்த மூல அணுக்கள் செலுத்தப்பட்டன. ஆண் உடலில் பிறந்த அவ்வணுக்களே பெண் சால்மனுக்குள் முட்டைகளாக மாறின என்பது வியப்பிற்குரியது. பெற்றோர் இருவரும் சால்மனாயிருக்க, பிள்ளைகள் யாவும் டிரவுட்டாகப் பிறந்தன. அகப்பாடல்களின் செவிலி பெறாத பிள்ளையை வளர்ப்பவள். இங்கோ செவிலியே பெற்றெடுக்கிறாள், பெற்றவளாக வேண்டிய நற்றாய் ஒரு துளி அணுவோடு நின்றுவிடுகிறாள்.

மீன் முட்டை பெரிதாகவும் கருவுணவு மிகுந்தும் இருப்பதால் அதை உறையவைத்துக் காக்க இயலாது. ஆனால் உறைந்த விரையின் அணுக்களிலிருந்தும் முட்டை பெறலாம் என்று அதே குழு 2013இல் காட்டியது. இது அழியும் இனங்களுக்குப் பெரும் வாய்ப்பாகும். தமிழகத்திற்கும் இவ்வாய்ப்பு அயலார் செய்தி அன்று. காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் என்னும் மீன் 2018இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டுள்ளது. பண்ணைகளில் எளிதாகப் பெருகும் அந்த நீலத்துடுப்பு மகசீரையே கூன்முதுகு மகசீருக்குச் செவிலியாக்க முடியுமா என்று தமிழக மீன்வள ஆய்வாளர்கள் ஆராய வேண்டும். மோயாற்றில் எஞ்சியுள்ள கூன்முதுகு மகசீரின் அணுக்களை உறையவைத்துக் காக்கும் பணி அதற்கும் முன்னதாகத் தொடங்க வேண்டும்.