டென்னிஸ் ராட்மன் எத்தனை புள்ளிக்குச் சமம்?



எந்த ஊர் கூடைப்பந்து அணியாக இருந்தாலும் சரி, புதிதாக ஒரு ஃபார்வர்ட் வந்து சேர்ந்தால் ரசிகர்கள் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். இவன் எத்தனை புள்ளி போடுவான்? இவனுக்காக யாரை உட்கார வைப்பது? 1995 அக்டோபரில் சிகாகோ நகரமே இந்த இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ‘தி லாஸ்ட் டான்ஸ்’ தொடரைப் பார்த்துவிட்டு, ராட்மன் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, வெறும் கோமாளியா என்று என்னிடம் கேட்டார்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் பதில் கணக்காகத்தான் வரும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வருடம் மே மாதத்துக்குப் போவோம். பேஸ்பால் ஆடப் போயிருந்த மைக்கேல் ஜோர்டன் மார்ச்சில்தான் சிகாகோ புல்ஸ் அணிக்குத் திரும்பியிருந்தார். சீசனின் கடைசி 17 ஆட்டங்கள் மட்டும் ஆடினார். ஜோர்டன் வந்தாயிற்று, கோப்பையும் வந்துவிடும் என்று ஊர் நம்பியது. வரவில்லை. இரண்டாவது சுற்றிலேயே ஆர்லாண்டோ மேஜிக் 4-2 என்று வென்று அனுப்பிவிட்டது. அதிலும் பெரிய வலி ஒன்று உண்டு. ஆர்லாண்டோவின் பவர் ஃபார்வர்ட் ஹொரேஸ் கிராண்ட், 1991, 1992, 1993 என்று புல்ஸ் மூன்று கோப்பை வென்றபோது அதே இடத்தில் ஆடியவர். 1994-ல் தான் அங்கே போனார். ராட்சதர் ஷாக்கில் ஓ’நீலை இரண்டு பேர் சேர்ந்து அடைக்க வேண்டியிருந்ததால் புல்ஸ் கிராண்டைக் காவலில்லாமல் விட்டது. அவர் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசி ஆட்டம் முடிந்ததும் சிகாகோ அரங்கிலேயே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சொந்த ஊரில், பழைய ஆட்டக்காரனை எதிரணி தூக்கிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பவர் ஃபார்வர்ட் என்பது கூடைக்கு அடியில் முட்டி மோதி, தவறிய பந்தைப் பிடுங்கும் இடம். கிராண்ட் போன பிறகு அங்கே நின்றவர் குரோஷியாவின் டோனி குகோச். நெடிய உடம்பு, பந்தை அனுப்புவதிலும் எறிவதிலும் அருமையான கை. ஆனால் மல்யுத்தம் அவருக்கு வராது.

அக்டோபர் 2-ஆம் தேதி, சென்டர் வில் பெர்டூவைக் கொடுத்துவிட்டு, சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடமிருந்து ராட்மனை வாங்கினார்கள்.

யார் இந்த ராட்மன்? டல்லாஸ் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். சின்னக் கல்லூரி ஒன்றில் ஆடி, 1986-ல் 27-ஆவது ஆளாகத் தேர்வாகி டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்குப் போனார். அங்கே 1989, 1990-ல் இரண்டு கோப்பைகள். 1990, 1991-ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 1991-92 முதல் ஒவ்வொரு வருடமும் லீக்கிலேயே ரீபவுண்டில் முதலிடம், அதுவும் 6 அடி 7 அங்குல உயரத்தில், 7 அடிக்காரர்களுக்கு நடுவே. எல்லாம் சரி. ஆனால் சிகாகோக்காரர்களுக்கு அவரைப் பற்றி முதலில் நினைவுக்கு வந்தது வேறு. 1991 பிளேஆஃப் ஆட்டத்தில் ஸ்காட்டி பிப்பனைப் பின்னாலிருந்து தள்ளி, தாடையில் தையல் போட வைத்த ஆள் இவர். ஸ்பர்ஸிலோ தலைமுடிக்கு வாரம் ஒரு சாயம், பயிற்சியாளரோடு சண்டை, தடைகள். வயது 34 ஆகிவிட்டது.

ரசிகர்களின் வாதத்தை இன்று யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. வேண்டாம் என்றவர்களிடம் நியாயம் இருந்தது. அணியின் கட்டுப்பாடு கெட்டுப்போகும், பிப்பன் மனம் நோகும், தடை வாங்கிக்கொண்டு முக்கியமான நேரத்தில் உட்கார்ந்துவிடுவார் என்றார்கள். கடைசியாகச் சொன்னது நடந்தும் விட்டது. 1996 மார்ச்சில் நடுவரைத் தலையால் முட்டி 6 ஆட்டங்களுக்குத் தடை. அடுத்த வருடம் ஒளிப்பதிவாளர் ஒருவரை உதைத்து 11 ஆட்டங்கள். நிர்வாகமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஜோர்டன், பிப்பன் இருவரின் சம்மதத்தைக் கேட்ட பிறகே வாங்கினார்கள். ஸ்பர்ஸில் ராட்மனோடு ஆடிய ஜாக் ஹேலியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஹேலி அந்த சீசனில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அண்ணனைத் துணைக்கு அனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 1995-96-ல் ராட்மனின் சராசரி 5.5 புள்ளிகள். குகோச்சின் சராசரி 13.1. அதிகம் போடுகிறவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, குறைவாகப் போடுகிறவரை முதல் ஐவரில் இறக்கினார் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன். தாளில் பார்த்தால் ஏழரைப் புள்ளி நஷ்டம். அப்படித்தான் பலர் கூட்டினார்கள். கூட்டல் சரி, கேள்வி தவறு.

ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் பந்து ஒன்றுதான். ஜோர்டன் ஆட்டத்துக்கு 22 முறைக்கு மேல் எறிந்தார். பிப்பனும் நிறைய எறிந்தார். இந்த இருவர் மட்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 புள்ளி. அப்படிப்பட்ட ஐவரில் பந்து கேட்கும் இன்னொரு கை எதற்கு? எறிந்ததில் பாதி தவறும், அதை யார் பிடிப்பது என்பதுதான் கேள்வி. தன் அணி தவறவிட்ட பந்தைப் பிடித்தால் அணிக்கு இன்னொரு வாய்ப்பு. ஒரு வாய்ப்பின் சராசரி மதிப்பு ஏறக்குறைய ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளி எறிந்தவர் பெயரில் எழுதப்படுமே தவிர, பிடித்துக் கொடுத்தவர் பெயரில் ஏறாது. ராட்மன் இதற்காகவே சக ஆட்டக்காரர்கள் எறியும் பந்து எப்படிச் சுழல்கிறது, எந்தக் கோணத்தில் தவறினால் எங்கே தெறிக்கிறது என்று உட்கார்ந்து படித்தவர். என் வகுப்பில் வடிவியலைப் பார்த்துப் பயந்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

1996 இறுதிச் சுற்றில் எதிரணி சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். இரண்டாவது ஆட்டத்தில் ராட்மன் 20 ரீபவுண்ட். அதில் 11 தன் அணி தவறவிட்ட பந்துகள். வித்தியாசம் நான்கே புள்ளி, 92-88. ஜூன் 16, ஆறாவது ஆட்டம், தந்தையர் தினம். தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்திருந்த ஜோர்டன் அன்று 19 முறை எறிந்து ஐந்தைத்தான் போட்டார். மற்றபடி அது தோற்றிருக்க வேண்டிய நாள். ராட்மன் 19 ரீபவுண்ட் எடுத்தார். அதில் மறுபடியும் 11 தன் அணி தவறவிட்டவை. புல்ஸ் 87-75 என்று வென்று கோப்பையை எடுத்தது. இந்த இரண்டு ஆட்டங்களையும் வென்று கொடுத்தது ராட்மன்தான் என்று சியாட்டில் பயிற்சியாளர் ஜார்ஜ் கார்ல் சொன்னார். தொடர் நாயகன் விருது ஜோர்டனுக்குப் போனது. அதில் எனக்குப் புகார் இல்லை.

மிகைப்படுத்தவும் வேண்டாம். அந்த சீசனில் புல்ஸ் 72 வெற்றி, 10 தோல்வி. 1971-72-ல் லேக்கர்ஸ் வைத்திருந்த 69 வெற்றிச் சாதனை உடைந்தது. அதற்கு முதல் காரணம், கோடை முழுக்கப் பயிற்சி செய்து முழு சீசனும் ஆடிய ஜோர்டன். ராட்மன் ஆடியதே 64 ஆட்டங்கள்தான்.

இன்னொரு பக்கம், ராட்மனை விட்ட ஸ்பர்ஸ் ஒன்றும் நாசமாகிவிடவில்லை. முந்தைய வருடம் 62 வெற்றி, அவர் இல்லாமல் 59. பெர்டூவும் 1999-ல் அவர்களோடு கோப்பை வாங்கினார். அங்கே ஏழடி டேவிட் ராபின்சன் கூடைக்கு அடியில் ஏற்கெனவே இருந்தார். இங்கே அந்த இடம் காலி. ஆள் அதே ஆள்தான்.

குகோச்சின் மனக்கசப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஐரோப்பாவில் நட்சத்திரமாக இருந்தவர், முதல் ஐவரில் இடம் வேண்டும் என்று விரும்பினார். கிடைத்தது சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரும் முடிக்கும் ஐவரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஹார்ப்பர், ஜோர்டன், பிப்பன், ராட்மன், லாங்லி. இறுதி நிமிடங்களில் பல நேரம் லாங்லி வெளியே, குகோச் உள்ளே, சென்டர் வேலையும் ராட்மன் தலையில். என் ஐவரும் அந்த இரண்டாவது ஐவர்தான்.

உங்கள் ஐவரைக் கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். காரணத்துக்குத்தான் மீதி.