கேம்ப் பங்களாக்களின் குளிர்ச்சி

1817-இல் கட்கிப் போரில் பேஷ்வா படை தோற்றபின், புனே நகருக்குக் கிழக்கே ஆங்கிலேயரின் பாசறை எழுந்தது. இன்றைய ‘கேம்ப்’ அதுவே. ஆங்கிலேயரின் பங்களாக்களில் கோடைதோறும் வாயில்களில் வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கின. தோல்துருத்தியில் நீர் சுமந்த பிஸ்திகள் அவற்றை ஓயாது நனைத்தனர். நனைந்த தட்டியைக் கடந்த அனல்காற்று நீரை ஆவியாக்கித் தானும் குளிர்ந்தது. உள்ளிருந்தோர் உறங்கினர், நீர் ஊற்றியோர் வெயிலில் நின்றனர்.

இந்திய வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயரை எண்ணியே, 1850-ஐ ஒட்டி ஸ்காட்லாந்து அறிஞர்கள் அறைக்காற்றை இயந்திரத்தால் குளிர்விக்க முனைந்தனர். அத்தகைய இயந்திரம் கட்டடத்தைச் சூடாக்கவும் உதவும் என்று 1852-இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) காட்டினார். ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்ப எக்கியின் கருத்து அவ்வாறு உருப்பெற்றது. 1948-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் எழுந்த ஈக்விடபிள் கட்டடம், கிணற்று நீரின் துணையோடு இவ்விரு பணியையும் எக்கியால் நிறைவேற்றியது.

தட்டி நீரைச் செலவிட்டது. எக்கியோ வெப்பத்தை மட்டும் நீரோடு பரிமாறிக்கொள்வதால், எடுத்த நீரை நிலத்துக்கே திருப்ப இயலும். புனேயின் எரிமலைப் பாறை தன் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலுமே நீரைத் தேக்குவது. அங்கு ஒரு வீட்டின் குளிர்ச்சி அயலாரின் கிணற்றை வற்றச் செய்யாதிருக்க, அத்திருப்பமே முதல் நெறியாகும்.