டிரைவர் ஷாஃப்டின் நீளம்

கோல்ஃபில் நீண்ட குழிகளின் முதல் அடிக்குப் பயன்படும் மட்டை டிரைவர். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டரை ஒதுக்கிவிட்டால் பையிலுள்ள மட்டைகளில் இதுவே நீளமானது. அடக்கி ஆளக் கடினமானதும் இதுவே. ஆண்களுக்கென இன்று கடைகளில் கிடைக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 முதல் 46 அங்குலம் வரை (114–117 செ.மீ.) இருக்கின்றன. பெண்களுக்கானவை ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு. இந்த அளவு ஆட்டக்காரரின் உடலை அளந்து வந்ததல்ல. ஷாஃப்ட் எனப்படும் தண்டின் எடை குறையக் குறைய, தயாரிப்பாளர்கள் அதை நீட்டிக்கொண்டே வந்தார்கள்.

தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மட்டைத் தச்சர்கள் ஆஷ், ஹேசல் போன்ற மரங்களில் தண்டு இழைத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி அவற்றை ஓரங்கட்டியது. செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த மட்டைத் தச்சர் ஹியூ ஃபில்ப் (1782–1856) காலத்து மட்டைகளில் நீண்ட மூக்குள்ள மரத்தலையும் தண்டும் சாய்வாகச் சீவி ஒட்டப்பட்டு, இணைப்பின்மேல் நூல் இறுகச் சுற்றப்பட்டிருக்கும். ஹிக்கரி நன்றாக வளையும், எளிதில் முறியாது; ஆனால் முறுக்கிக்கொள்ளும். வீச்சின் வேகத்தில் தண்டு முறுக்கினால், பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் வேறு பக்கம் பார்க்கும். நீளம் கூடினால் இந்தத் தொல்லையும் கூடும். ஒரே மரத்தில் எடுத்த இரண்டு தண்டுகள்கூட ஒத்திருக்காது என்பதால், தச்சர் ஒவ்வொன்றையும் சீவி, கையால் வளைத்துப் பார்த்து, மறுபடி சீவியே முடித்தார். ஹிக்கரிக் காலத்தின் பிற்பகுதியில் டிரைவர்கள் பெரும்பாலும் 42 முதல் 44 அங்குலத்துக்குள் நின்றன. அதில் தச்சரின் அனுபவ அறிவு இருந்தது. பிற்கால விளம்பரத் துறைக்கு அது வாய்க்கவில்லை.

எஃகுத் தண்டை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-இல் ஏற்றது. செயின்ட் ஆண்ட்ரூஸின் விதி அமைப்பான ஆர் அண்ட் ஏ 1929 வரை பிடிவாதமாக மறுத்தது. வேல்ஸ் இளவரசர் அங்கேயே எஃகு மட்டைகளுடன் ஆடியதுதான் அதன் மனத்தை மாற்றியது என்பார்கள். மரத்தின் மீதான பற்று அவ்வளவு எளிதில் போகவில்லை. முதல் எஃகுத் தண்டுகள் பலவற்றுக்கு மரம்போலத் தெரியும் பழுப்புப் பூச்சு பூசி விற்றார்கள். பாபி ஜோன்ஸ் 1930-இல் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றது ஹிக்கரியில்தான். அடுத்த ஆண்டே பில்லி பர்க் எஃகுத் தண்டுகளுடன் அமெரிக்க ஓப்பனை வென்றார். எஃகு முறுக்கத்தை அடக்கியது, ஒரே மாதிரியான தண்டுகளை ஆயிரக்கணக்கில் தந்தது. எடை மட்டும் 120 கிராமுக்கு மேல் இருந்ததால் நீளம் 43 அங்குலத்தையொட்டியே அரை நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்தது. டைகர் உட்ஸ் தம் உச்ச ஆண்டுகளில் வைத்திருந்ததும் 43.5 அங்குல எஃகு டிரைவரே.

கிராஃபைட் தண்டை 1969-இல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் ஃபிராங்க் தாமஸ் உருவாக்கினார். பிற்பாடு அவரே அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராகி, கருவிகளுக்கு வரம்பு விதிக்கும் வேலையைப் பார்த்தார். தொடக்கக் கிராஃபைட் தண்டுகளும் ஹிக்கரியைப் போலவே முறுக்கிக்கொண்டன, விலையும் அதிகம். 1990-களில் டைட்டானியத் தலைகள் பெருத்தபோது நிலைமை மாறியது. 60 கிராம் அளவிலான தண்டும், மெலிந்த சுவர் கொண்ட பெரிய தலையும் சேர்ந்ததும் நீளம் 45 அங்குலத்தைத் தாண்டியது.

நீளத்தோடு பிணைந்த மற்றோர் அளவு ஸ்விங் வெயிட். 1920-களில் ராபர்ட் ஆடம்ஸ் வகுத்த தராசில் மட்டையின் பிடிமுனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்குபுள்ளி அமையும். தலைப்பக்கம் எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதை அது எழுத்தும் எண்ணுமாகச் சொல்லும். ஆண்களின் டிரைவர் பொதுவாக D2 அளவில் வரும். அரை அங்குலம் வெட்டினால் ஏறத்தாழ மூன்று புள்ளி இறங்கும். தலையில் சுமார் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். வெட்டிய பிறகு தலையில் ஈயப் பட்டை ஒட்டுவதோ திருகு எடையை மாற்றுவதோ இதனால்தான். பிடிமுனையில் வெட்டுவதே வழக்கம். தலைமுனையில் வெட்டினால் தண்டு கூடுதலாக விறைத்துவிடும்.

நீண்ட டிரைவர் தலையின் வேகத்தைக் கூட்டுவது உண்மை. அந்தக் கூடுதல் வேகம் பந்துக்குப் போய்ச் சேர, முகத்தின் நடுவில் அடி விழ வேண்டும். வலக்கைக்காரருக்கு அடி முகத்தின் முனைப்பக்கம் விழுந்தால் பந்து இடப்புறமாகவும், தண்டை ஒட்டிய குதிப்பக்கம் விழுந்தால் வலப்புறமாகவும் வளையும். இரண்டிலும் தொலைவு குறையும். சராசரி ஆட்டக்காரருக்கு 44 முதல் 45 அங்குலமே பொருத்தம். கடை அளவு அவருக்கு நீளம்.

உயரத்தை மட்டும் பார்த்து நீளம் முடிவுசெய்வது பிழையான முறை. உயரமானவருக்குக் கைகளும் நீண்டிருந்தால் மணிக்கட்டு தரைக்கு அருகிலேயே இருக்கும். அதனால் மட்டையை ஆளுக்கேற்ப அமைக்கும் ஃபிட்டர்கள் நேராக நிற்கவைத்து, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை அளக்கிறார்கள். அதுவும் தொடக்கக் கணக்குதான். மட்டையின் முகத்தில் காலுக்கு அடிக்கும் வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரேயைத் தெளித்து, பத்துப் பன்னிரண்டு பந்துகளை அடித்தால் ஒவ்வோர் அடியும் வட்டமாகத் தடம் பதிக்கும். பிறகு பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து மறுபடி அடிக்க வேண்டும். தடங்கள் நடுவை நோக்கிக் குவிந்தால் வெட்டலாம். குவியாவிட்டால் குறை நீளத்தில் இல்லை.

மட்டையின் நீளத்தை அளக்கும் முறையை விதிகளே சொல்கின்றன: மட்டையைக் கிடைத்தளத்தில் படுக்கவைத்து, அதன் அடிப்பாகம் 60 பாகைச் சாய்தளத்தைத் தொடுமாறு செய்து, இரு தளங்களும் சந்திக்கும் கோட்டிலிருந்து பிடியின் உச்சி வரை அளக்க வேண்டும். பட்டர் தவிர்த்த மட்டைகளுக்கு உச்ச வரம்பு 48 அங்குலம்.

தொழில்முறை ஆட்டக்காரர்களிடையிலும் நீளம் வேறுபடுகிறது. 2017-இல் ரிக்கி ஃபவுலர் 43.5 அங்குல டிரைவருடன் ஆடினார். 2021-இல் ஃபில் மிக்கெல்சன் 48 அங்குலத்தை நெருங்கிய டிரைவரைக் கொண்டு, 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார். 2022 ஜனவரி முதல் தொழில்முறை, உயர்நிலைப் போட்டிகள் வேண்டுமானால் வரம்பை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள மாதிரி உள்விதி இடமளிக்கிறது. பிஜிஏ டூர் அதை ஏற்றுள்ளது. பொழுதுபோக்காக ஆடுவோருக்குப் பழைய 48 அங்குல வரம்பே நீடிக்கிறது.