சியோ தைஜி அண்ட் பாய்ஸ்

சியோ தைஜி அண்ட் பாய்ஸ் என்பது தென்கொரிய பாப் இசையின் போக்கை மாற்றிய மூவர் குழுவாகும். சியோ தைஜி, யாங் ஹியூன் சுக், லீ ஜூனோ ஆகியோர் இதன் உறுப்பினர்கள். 1992 ஏப்ரலில் எம்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடுவர்கள் இவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்களே வழங்கினர். ஆனால், ராப்பும் நடனமும் கலந்த அதே பாடலை இளைஞர்கள் கொண்டாடினர்.

1994இல் வெளியான பாடலொன்றில் மாணவர்களை அழுத்தும் கல்விமுறையைச் சாடினர். 1995இல் ஒரு பாடலின் வரிகளுக்குத் தணிக்கைக் குழு தடை சொன்னபோது, வரிகளை மாற்றாமல், குரலை நீக்கி இசையை மட்டும் வெளியிட்டனர். இரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1996 சனவரியில் குழு கலைந்தது. அவ்வாண்டு சூனில் பாடல்களுக்கான முன்தணிக்கை முடிவுக்கு வந்தது. முன்பிருந்தே போராடிய பிற கலைஞர்களுக்கும் இதில் பங்குண்டு.

பின்னர் யாங் தொடங்கிய ஒய்ஜி என்டர்டெயின்மென்ட் நிறுவனமே பிக் பேங், பிளாக்பிங்க் ஆகிய குழுக்களை உருவாக்கியது.